பத்தொன்பது சாக்குச் சருகு

பிள்ளைகளே, எங்கள் அலுமாரிக் கதவில் ஒட்டியிருக்கும் மலைப்பாதைப் படத்தைக் காட்டி, "இது எந்த இடம் அப்பா?" என்று சின்னவன் போன வாரமும் கேட்டான். "எங்கட கிளப் துப்புரவாக்கின பாதை" என்று சொல்லிவிட்டு வேலைக்குப் போய்விட்டேன். அந்தப் படத்தை ஒட்டியவள் மூத்தவள். அவளுக்கும் பாதிக் கதைதான் தெரியும். மீதியை இதில் எழுதி வைக்கிறேன். நான் பத்தாம் வகுப்போடு படிப்பை விட்டவன். பிழை இருந்தால் மூத்தவள் திருத்தட்டும், ஆனால் விஷயத்தை மாற்றக்கூடாது.

எனக்குச் சீனி வருத்தம், அதுதான் நீரிழிவு, என்று தெரிந்த பிறகுதான் நான் நடக்கத் தொடங்கினேன். கொழும்பு கொட்டாஞ்சேனையில் இரும்புக் கடை வான் ஓட்டுகிறவனுக்கு நாள் முழுக்க இருக்கையில்தான் இருப்பு. எங்கள் வெள்ளவத்தையில் விடிய எழுந்து நடப்பதென்றால் கடலோர வீதிதான். அங்கே தினமும் எனக்கு முன்னால் வேகமாகப் போகும் ஒரு கூட்டம் இருந்தது. ஒருநாள் அந்தக் கூட்டத்திலிருந்து ஒருவர் திரும்பி, "தம்பி, நாலு மாசமா எங்கட முதுகப் பாத்துக்கிட்டே வாரீங்க. பக்கத்துல வந்து நடங்களேன்" என்றார். கொட்டாஞ்சேனையில் துணிக்கடை வைத்திருக்கும் முஸ்லிம் அண்ணன் அவர்; நானா என்றுதான் கூப்பிடுவோம். அப்படித்தான் மலையேறும் கிளப்பில் சேர்ந்தேன்.

கிளப் என்றால் பெரிதாக ஒன்றுமில்லை. இருபது இருபத்தைந்து பேர் இருக்கிறோம். பௌர்ணமிப் போயா லீவு நாள் வந்தால் பஸ் ஒன்றைப் பேசிக்கொண்டு எங்காவது ஒரு மலைக்குப் போவோம். நடத்துகிறவர் ஓய்வு பெற்ற ஒரு தாதி. சிங்களப் பெண், நன்றாகத் தமிழ் கதைப்பார். எல்லாரும் அவரை "மிஸ்" என்றுதான் கூப்பிடுவோம். அவர் தம்பியை "மல்லி", தங்கச்சியை "நங்கி" என்று சிங்களத்தில் கூப்பிடுவார். மலையேறும்போது கடைசியில் ஒருவர் வர வேண்டும், அவருக்குப் பின்னால் ஒருவரும் நிற்கக்கூடாது என்பது மிஸ் போட்ட சட்டம். அந்தக் கடைசி ஆளை "வால்" என்போம். மெதுவாக நடக்கிறவன் நான் என்பதால் சேர்ந்த நாளிலிருந்து நான்தான் வால்.

எட்டியாந்தோட்டைக்கு அப்பால் ஒரு தேயிலைத் தோட்டம் இருக்கிறது. அங்கே தொழிலாளரின் வரிசை வீடுகளான லயத்தின் கடைசி வீட்டு ஓரமாக ஒரு பாதை தொடங்கி, மானாப்புல்லையும் காட்டையும் தாண்டி உச்சிப் பாறைக்குப் போகிறது. அந்தக் கடைசி வீட்டில் கொழுந்து பறிக்கும் ஒரு தங்கச்சி இரண்டு சின்னப் பிள்ளைகளோடு இருக்கிறாள். அவள் கணவன் இரத்மலானையில் ஒரு தொழிற்சாலையில் வேலை செய்கிறான். தீபாவளிக்கும் சித்திரைக்கும் வீட்டுக்கு வருவான். லயத்து அறை ஒன்று போதாது என்று அவன் லீவில் வந்த நாட்களில் மண்கல் அறுத்துப் பின்பக்கம் சமைக்க ஒரு குசினி கட்டியிருந்தான். அந்தக் குசினியின் பின்சுவருக்கு மேலேதான் எங்கள் பாதை ஏறுகிறது. நாங்கள் போகும்போதெல்லாம் அவள் வீட்டில் பைகளை வைப்போம், போத்தலில் தண்ணீர் நிரப்புவோம், இறங்கி வந்து பிளேன்டீ குடிப்போம். மழை பெய்கிறதா என்று முதல் நாள் கேட்பதற்காக என் நம்பரை அவளிடம் கொடுத்து வைத்திருந்தேன்.

அந்தப் பாதையைப் பற்றி எங்களுக்கு ஒரு குறை இருந்தது. குப்பையாகக் கிடந்தது. எங்கு பார்த்தாலும் சருகு. வளைவுகளில் காய்ந்த கொப்புகளை யாரோ குவித்துப் போட்டிருந்தார்கள். பாதைக்குக் குறுக்கே கற்கள் கோணல்மாணலாகக் கிடந்தன. ஒருமுறை நானா அதில் ஒன்றில் இடறி, "எண்ட பெருவெரல் இந்தத் தோட்டத்துக்கே சொந்தமாப் போயிட்டு" என்று உட்கார்ந்துவிட்டார்.

"அடுத்த போயாவுக்கு ஒரு சிரமதானம் போடுவம்" என்று சொன்னவன் நான்தான். இதை மறைக்காமல் எழுத வேண்டும்.

சிரமதானம் எப்படிச் செய்வது என்று எங்களுக்குத் தெரியும் என்றுதான் எல்லாரும் நினைத்தோம். கோயில் திருவிழாவுக்கு முன் செய்திருக்கிறோம், பள்ளிவாசலில் செய்திருக்கிறோம், பள்ளிக்கூடத்தில், விகாரையில் செய்திருக்கிறோம். புல்லைச் செதுக்க வேண்டும், குப்பையைக் கூட்டி அள்ள வேண்டும், கல்லைப் பொறுக்கி ஓரத்தில் அடுக்க வேண்டும், கடைசியில் எல்லாரும் நின்று படம் எடுக்க வேண்டும். கடையிலிருந்து ஆறு ஈர்க்கு விளக்குமாறும் கையுறைகளும் நான் கொண்டு போனேன். நானா துணி வந்த வெறும் சாக்குகளைக் கட்டாகக் கொண்டு வந்தார்.

அன்றைக்கு அந்தத் தங்கச்சி வீட்டில் இல்லை. பக்கத்துத் தோட்டத்தில் இருக்கும் அக்கா வீட்டுக்குப் பிள்ளைகளோடு போயிருந்தாள். கதவு பூட்டியிருந்தது. "வந்து பாத்தா அவவுக்கு அதிசயமா இருக்கும்" என்று மிஸ் சொன்னார்.

காலை எட்டு மணிக்குத் தொடங்கி இரண்டு மணி வரை வேலை செய்தோம். அட்டை கடித்ததையும் பொருட்படுத்தவில்லை. சருகு முழுவதையும் கூட்டிச் சிவப்பு மண் தெரிய வைத்தோம். ஓரத்துப் புல்லைச் செதுக்கினோம். குறுக்கே கிடந்த கற்களைத் தோண்டி எடுத்தோம். சிலது ஆழமாகப் பதிந்திருந்ததால் நானும் நானாவும் இரும்பு அலவாங்கு போட்டுக் கிளப்பினோம். அவ்வளவு ஆழமாக ஏன் பதிந்திருக்கிறது என்று நான் யோசிக்கவில்லை. அவற்றை ஓரத்தில் பெரியது சின்னது பார்த்து வரிசையாக அடுக்கினேன். மூன்றாம் வளைவில் கொப்புக் குவியலை இழுத்துப் போட்டபோது கீழே நேராக இறங்கும் ஒரு பழைய வழி தெரிந்தது. "குறுக்குப்பாதை ஒண்டு மூடிக் கிடந்திருக்கு! இதால போனா பத்து நிமிஷம் மிச்சம்" என்று கத்தினேன். எல்லாரும் கை தட்டினார்கள்.

பத்தொன்பது சாக்குச் சருகு வந்தது. அதைக் கீழே சுமந்து வந்து, வாய் கட்டி, தோட்டத்து வீதி ஓரத்தில் ஒழுங்காக அடுக்கினோம். யார் வந்து அள்ளுவார்கள் என்று ஒருவரும் கேட்கவில்லை. கொழும்பில் குப்பையைக் கட்டி வீதியில் வைத்தால் லொறி வரும். அங்கேயும் ஏதோ வரும் என்று நினைத்துக்கொண்டு பஸ் ஏறினோம்.

அலுமாரியில் இருக்கும் படம் அன்றைக்கு எடுத்தது. கூட்டுவதற்கு முன் ஒன்றும் பின் ஒன்றுமாக ஒவ்வொரு வளைவிலும் எடுத்தேன். கிளப்பின் வாட்ஸ்அப் குழுவில் போட்டபோது எல்லாரும் கையெடுத்துக் கும்பிடும் படங்களை அனுப்பினார்கள். "வால் மல்லிக்குத்தான் முதல் மெடல்" என்று மிஸ் எழுதினார். மூத்தவள் "பின்" படத்தை அச்செடுத்து வந்து ஒட்டினாள். எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது.

சித்திரை பிறப்பதற்கு முன்னேயே பின்னேர மழை தொடங்கிவிட்டது. ஒருநாள் கொள்ளுப்பிட்டியில் ஒரு கடைக்குக் கம்பி இறக்கிவிட்டு, காலிக்குப் போகும் வீதி நெரிசலில் நிற்கிறேன், தொலைபேசி அடித்தது.

"அண்ணே, நாந்தான், லயத்துக் கடைசி வூடு. நீங்க வந்து பாதய சுத்தம் பண்ணிட்டுப் போனீங்களா?"

"ஓம் தங்கச்சி, நாங்கதான். எப்பிடி இருக்கு?"

"தண்ணி நேரா எங்க குசினிச் செவுத்துக்கு வருதுண்ணே" என்றாள். "அந்தக் கல்லெல்லாம் நாங்க வச்சது. நானும் அவரும், லயத்து ஆளுங்களும். மழத் தண்ணிய ஓரத்துல வெட்டுன கானுக்குத் திருப்பி விடுறதுக்கு. அந்தக் கொப்பு அந்தக் குறுக்கு வழிய அடைக்கிறதுக்கு. அதையும் எடுத்துட்டீங்களே?"

பின்னால் பஸ்காரன் ஹோன் அடித்தான்.

"செவுரு மண்கல்லுண்ணே. நனஞ்சா கரஞ்சிரும். புள்ளைங்க அந்தச் செவுத்தோரந்தான் படுக்குதுங்க, அடுப்புச் சூட்டுக்கு. வைகாசி மழ வர முந்தி ஏதாச்சும் பண்ணணும். ஒத்தக் கைல நான் எப்புடி அவ்வளவு கல்லு பொரட்டுறது?"

"பாப்பம் தங்கச்சி. நான் கதைக்கிறன்" என்று சொல்லி வைத்தேன்.

ஆனால் நான் கதைக்கவில்லை. இதுதான் மூத்தவளுக்கும் சொல்லாத பாதி. நாலு நாள் ஒருவருக்கும் சொல்லாமல் இருந்தேன். விடிய நடக்கப் போனேன், நானாவோடு சீனியைப் பற்றிக் கதைத்தேன், மிஸ் அடுத்த பயணத்துக்குக் களனிப் பக்கம் போகலாமா என்று கேட்டபோது தலையாட்டினேன். யோசனை சொன்னவன் நான், மெடல் வாங்கினவன் நான். எப்படிச் சொல்வது? நீங்கள் இரண்டு பேரும் அலுமாரியைத் திறந்து மூடும்போதெல்லாம் அந்தச் சிவப்புப் பாதை என் பக்கம் வந்து வந்து போயிற்று.

ஐந்தாம் நாள் அவள் ஒரு படம் அனுப்பினாள். எழுத்து ஒன்றும் இல்லை. குசினிச் சுவரின் உட்பக்கம். கீழிருந்து முழங்கால் உயரத்துக்கு ஈரம் ஏறிக் கறுத்திருந்தது. பக்கத்தில் பிள்ளைகளின் பாய் சுருட்டி நிமிர்த்தி வைத்திருந்தது. பாயின் அடியும் நனைந்திருந்தது.

கடையில் சாப்பாட்டு நேரத்தில் வானுக்குள் இருந்தபடி குழுவுக்குக் குரலில் ஒரு செய்தி அனுப்பினேன். எழுதினால் வசதியாக எதையாவது மாற்றி எழுதிவிடுவேன் என்று பயமாக இருந்தது. நடந்ததைச் சொன்னேன். சுவர்ப் படத்தையும் போட்டேன். "எனக்கு அஞ்சு நாளாத் தெரியும். சொல்லேல்ல. மன்னிச்சுக்கொள்ளுங்கோ" என்றும் சொன்னேன்.

எல்லாரும் கேட்டுவிட்டார்கள் என்று நீலக் குறி காட்டியது. பிறகு நானாவின் குரல் வந்தது: "தம்பி, அலவாங்கு புடிச்சது நானுந்தான். எண்ட பெருவெரலுக்காகத்தான் அந்தப் பெரிய கல்லக் கெளப்பின. ஞாயித்துக்கெழம கடைய மூடுறன்." அதற்குப் பிறகு மிஸ்: "போயா வரும் வரை இருக்க ஏலாது. இந்த ஞாயிறு. விளக்குமாறு கொண்டு வர வேண்டாம் மல்லி, சரியா?"

பதினொரு பேர் வந்தார்கள். போயா அல்லாத நாளில் கிளப் போன முதல் பயணம் அது.

அவள் வாசலில் மண்வெட்டியோடு நின்றாள். எங்களைத் திட்டுவாள் என்று நினைத்தேன். "வாங்க. தண்ணி குடிச்சிட்டு வேலயத் தொடங்குங்க. மூணு மணிக்கு மேல மழ வந்துரும்" என்று மட்டும் சொன்னாள். மிஸ் அவள் கையைப் பிடித்து, "நாங்க கேக்காம செஞ்சது பெரிய பிழை நங்கி" என்றார். "கேட்டிருந்தா நல்லாத்தான் இருந்திருக்கும்" என்றாள் அவள்.

மேலே போனால் முதல் சிக்கல். கற்கள் நான் அடுக்கிய வரிசையில் அழகாக இருக்கின்றன. எந்தக் கல் எங்கே இருந்தது என்று ஒருவருக்கும் தெரியாது. குழிகளையும் மழை மூடிவிட்டது.

"நீங்கதானே எடுத்தீங்க. ஞாபகம் இல்லியா?" என்று தங்கச்சி கேட்டாள்.

அப்போதுதான் என் தொலைபேசியில் இருந்த "முன்" படங்கள் நினைவுக்கு வந்தன. எவ்வளவு மோசமாகக் கிடந்தது என்று காட்டுவதற்காக எடுத்தவை. விரலால் பெரிதாக்கிப் பார்த்தோம். குறுக்குக் கல் வரிசை ஒவ்வொன்றும் எந்த மரத்து வேரிலிருந்து தொடங்கி எந்தப் பக்கம் சாய்கிறது என்று தெளிவாகத் தெரிந்தது. நான் கோணல்மாணல் என்று நினைத்தது எல்லாம் ஒரே பக்கச் சாய்வு. மிஸ் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படத்தைப் பார்த்துச் சொல்லச் சொல்ல, நாங்கள் கல்லை உருட்டி வைத்தோம். படம் எடுக்காத இடங்களை அவளிடம் கேட்டோம். கொழுந்துச் சாக்கை முதுகில் போட்டுக்கொண்டு தினமும் இறங்குகிறவள். தலை குனியாமல் நடந்து வந்து, "இங்கன ஒண்ணு, எட்டி வச்சா இங்கன ஒண்ணு" என்று காலால் தட்டிக் காட்டினாள்.

அடுத்தது சருகு. மண் மறுபடி கழுவப்படாமல் இருக்க வேண்டுமென்றால் சருகு மேலே கிடக்க வேண்டும் என்றாள். பத்தொன்பது சாக்கும் வீதி ஓரத்தில் வைத்த இடத்திலேயே இருந்தன. ஒன்றில் ஒரு கோழி முட்டையிட்டிருந்தது.

நானா ஒரு சாக்கைத் தலையில் தூக்கிக்கொண்டு மூச்சு வாங்க ஏறினார். "யா அல்லாஹ், கொழும்புல எங்கட ஒழுங்கையில குப்ப லொறி வந்து நாலு நாளாகுது. நான் என்னடாண்டா பஸ் புடிச்சி வந்து மலையில குப்ப கொட்டுறன். எண்ட பொஞ்சாதி கண்டா தலாக்கு அவதான் சொல்லுவா."

"நானா, கதைச்சுக்கொண்டு ஏறினா இன்னும் மூச்சு வாங்கும்."

"கதைக்காட்டி அழுதுருவன் தம்பி."

கீழே நின்ற லயத்துப் பெண்கள் இருவர் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். "போன தடவ எறக்குனாங்க, இந்தத் தடவ ஏத்துறாங்க. கொழும்பு ஆளுங்களுக்கு ஞாயித்துக்கெழம வேற சோலி இல்ல போல" என்று ஒருத்தி சொன்னது காதில் விழுந்தது. பிறகு அந்த இரண்டு பேரும் ஆளுக்கொரு சாக்கைத் தூக்கிக்கொண்டு எங்களைத் தாண்டிப் போய், நாங்கள் பாதி வழி ஏறுவதற்குள் வெறும் சாக்கோடு இறங்கி வந்தார்கள்.

மூன்றாம் வளைவில் குறுக்கு வழியை நானே அடைத்தேன். பழைய கொப்புகளைப் பள்ளத்திலிருந்து இழுத்து வந்து, போதாததற்கு மானாப்புல்லை வேரோடு கிளப்பி நட்டேன். அதற்குக் கீழே கடைசிக் கல் வரிசையையும் நானே வைத்தேன். அதுதான் வீட்டுக்கு நேர் மேலே இருப்பது. இந்த முறை பிழைக்கக்கூடாது என்று கவனமாக, ஒரு கயிறு கட்டி, பாதைக்குக் குறுக்கே நேராக, மட்டமாகப் பதித்தேன்.

மழை இரண்டரைக்கே வந்துவிட்டது. மற்றவர்கள் வீட்டுக்குள் ஓடினார்கள். வால் என்றபடியால் நான் கடைசியாக இறங்கினேன். இறங்காமல் நின்றேன் என்பதுதான் உண்மை. தண்ணீர் என்ன செய்கிறது என்று பார்க்க வேண்டியிருந்தது.

மேல் வளைவில் சிவந்த தண்ணீர் வந்தது. முதல் வரிசையில் முட்டி ஓரத்துக் கானுக்குள் திரும்பியது. இரண்டாவதிலும் திரும்பியது. அடைத்த குறுக்கு வழியில் கொஞ்சம் கசிந்து நின்றது. பிறகு என்னுடைய மட்டமான வரிசைக்கு வந்தது. வந்த தண்ணீர் திரும்பவில்லை. குளம் மாதிரித் தேங்கியது. தேங்கித் தேங்கி உயர்ந்து, நடுவில் கல்லுக்கு மேலால் வழிந்து, நேராகக் குசினிச் சுவரைப் பார்த்து இறங்கத் தொடங்கியது.

கையால் கல்லைப் பிடுங்கினேன். வரவில்லை. நன்றாகப் பதித்திருந்தேன். அவள் தலையில் ஒரு யூரியாச் சாக்கைக் கவிழ்த்துக்கொண்டு மண்வெட்டியோடு ஓடி வந்தாள்.

"யாருண்ணே இத நேரா வச்சது?"

"நான்தான்."

"நேரா வச்சா நிக்கும்ணே. நின்னா மேல ஏறும். கான் பக்கத்து மொனைய எறக்கிச் சாச்சு வைங்க. இந்தாங்க, புடிங்க!"

மண்வெட்டியை என் கையில் தந்துவிட்டுக் கல்லின் மறுமுனையை அவள் பிடித்தாள். நான் கான் பக்கம் தோண்டினேன். கண்ணில் மழை, காலில் அட்டை. மூன்று கல்லைத் தாழ்த்தினோம். நாலாவதைத் தாழ்த்தும்போது தேங்கிய தண்ணீர் மொத்தமாகத் திரும்பிக் கானுக்குள் விழுந்தது. அவள் சுவர்ப் பக்கம் ஓடிப்போய் எட்டிப் பார்த்தாள். "நின்னுருச்சு" என்று அங்கிருந்து கையைக் காட்டினாள். நான் சேற்றிலேயே உட்கார்ந்துவிட்டேன்.

குசினிக்குள் பிளேன்டீ குடிக்கும்போது அந்த ஈரச் சுவர் எனக்கு முன்னால் இருந்தது. முழங்கால் உயரத்தில் கறுப்பாக ஓடிய அடையாளம். எனக்கு அதைப் பார்க்க முடியவில்லை. "தங்கச்சி, எங்கட கடையில சுண்ணாம்பும் பெயின்டும் இருக்கு. அடுத்த தரம் கொண்டு வந்து நானே அடிச்சுத் தாறன்" என்றேன்.

"சீமெந்துப் பூச்சு பூச அவரு சித்திரைக்கு வாராரு. பெயின்டு இப்ப வேணாண்ணே" என்றாள். அடுப்பிலிருந்து ஒரு கரித்துண்டை எடுத்து, ஈரத்தின் மேல் விளிம்பில் சுவரின் ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை ஒரு கோடு இழுத்தாள். "அவரு பூசினாலும் இந்தக் கோட்ட மறுபடி கீறித்தான் வைப்பேன். வைகாசி மழையில இதுக்கு மேல ஏறுதா, கீழ எறங்குதான்னு பாக்கணும்ல."

வைகாசியில் எங்கள் வெள்ளவத்தையில் மழை கொட்டிய இரவுகளில் நான் எழுந்து யன்னலைத் திறந்து பார்த்ததற்குக் காரணம் இதுதான். "அப்பா, வான் கண்ணாடி மூடியாச்சு, படுங்கோ" என்று மூத்தவள் சொன்னாள். நான் வானைப் பற்றி யோசிக்கவில்லை. லயத்துத் தங்கச்சிக்கு அழைத்தால் அந்தப் பக்கம் சிக்னல் இல்லை. இரண்டு கிழமை ஒரு தகவலும் இல்லை.

மழை ஓய்ந்த முதல் போயாவுக்கு எல்லாரும் போனோம். நான் அன்றைக்கு வாலாக வரவில்லை, முதல் ஆளாக நடந்தேன். மிஸ் தானே வாலாக வந்தார். வீடு அப்படியே நின்றது. அவள் கொழுந்தை எடை போட்டுவிட்டு அப்போதுதான் வந்திருந்தாள். கையைக் கழுவிக்கொண்டே, "போய்ப் பாருங்கண்ணே" என்றாள்.

கரிக்கோடு புதுப் பூச்சின் மேல் இருந்தது. ஈரம் அதற்கு ஒரு சாண் கீழே நின்றிருந்தது. பிள்ளைகளின் பாய் சுவரோரம் விரித்தபடி கிடந்தது. குனிந்து தொட்டுப் பார்த்தேன். காய்ந்திருந்தது.

"இன்னும் ரெண்டு கல்லு மேல வளைவுல போடணும்" என்று பின்னாலிருந்து அவள் குரல் கேட்டது. "டீ அப்பறம் தாறேன். மொதல்ல மண்வெட்டிய எடுங்க."